உதைக்காத துப்பாக்கி

1944 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

முதலாளியின் ஏர்கன்னை இன்று சரிசெய்து கொடுத்தேன். மூட்டை அடுக்குகிற அரிசிக் கிட்டங்கியில் புறா சுட வைத்திருக்கிறார். சுட்டால் தோளில் உதைக்கும், உள்ளே ஸ்பிரிங் கிணுங்கும். குறி தப்பும், சத்தத்தில் அத்தனை புறாவும் பறந்துவிடும். லாரி ரிப்பேர் பார்க்கிற கைதானே என்று என்னிடம் தந்தார். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எடுத்துக் கிரீஸ் தடவினேன். பிஸ்டனுக்குப் புதுத் தோல் வாஷர் வெட்டிப் போட்டேன். வேலை நன்றாகவே அமைந்துவிட்டது.

"ஏலே, வெண்ணெய் மாதிரி இருக்கு," என்று என் முன்னாலேயே சுட்டார். ஒரு புறா விழுந்தது. பக்கத்தில் நின்றது தலைகூடத் தூக்காமல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதுவும் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. "போதும் அண்ணாச்சி" என்று வாய்வரை வந்தது.

செத்ததையெல்லாம் ஓலைப்பெட்டியில் போட்டு என்னிடமே கொடுத்தார். வாஷரை லேசாகக் கிழித்துவிட்டால் துப்பாக்கி பழையபடி ஆகிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ரேஷன் அரிசியில் அரைவயிறாய்க் கிடக்கிற பிள்ளைகள் எலும்பைக்கூட விடவில்லை. எனக்குத்தான் இறங்கவில்லை.

"நாளைக்கும் உண்டுமான்னு அண்ணாச்சிட்ட கேளுங்க," என்றாள் மனைவி.

கேட்கிறேன் என்றேன்.