ஓடியும் குறையாத உடம்பு

அன்புள்ள அம்மாவுக்கு புருலாய் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அங்கே நரினில் பனி விட்டதா? குதிரை குட்டி போட்டுவிட்டதா? நான் நலம். சற்றுக் கூடுதலாகவே நலம்.

இங்கே பிஷ்கேக்கில் நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சதை போட்டுவிட்டது. தம்பி கல்யாணத்துக்கு நீங்கள் தைக்கும் வெல்வெட் சட்டைக்குள் நுழைய வேண்டுமே என்று காலையில் ஓட ஆரம்பித்தேன். முதல் நாளே தெருக்கோடி கலிபா அக்கா, ரொட்டி அடுப்பு இடுக்கியோடு பாய்ந்து வந்தார்.

"யாருடி ஒன்னத் தொரத்துறான்? மண்டைய ஒடைக்கிறேன்!"

"யாருமில்லக்கா, உடம்பு கொறைக்க ஓடுறேன்."

"ஓடு, ஓடு. அதுக்குன்னு சுட்ட ரொட்டிய ஒரு வாய் பிட்டுப் போடாம என் வாசலத் தாண்டுவியா? ஒங்கம்மா அப்படியா வளத்தா?"

உங்களை இழுத்த பிறகு என்ன செய்வது? பிட்டேன். பாலாடை வந்தது, தேநீர் வந்தது. மறுநாள் எதிர்வீட்டுக்காரிக்கு ரோஷம்: "அவ ரொட்டி மட்டுந்தான் எறங்குமோ?" இப்போது ஓடுவது ஒரு தெரு, உட்கார்ந்து சாப்பிடுவது இரண்டு வீடு. ஓடினால் எடை குறையும் என்கிறார்கள். எனக்கு ஏறியிருக்கிறது.

வேறு தெருவில் ஓடக் கூடாதா என்பீர்கள். ஓடிப் பார்த்தேன் அம்மா. ஒருவரும் கூப்பிடவில்லை. பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

சட்டைக்கு இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டுத் தையுங்கள். காய்ந்த தயிர் உருண்டை கொடுத்தனுப்பினால் கலிபா அக்காவுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

விடிந்துவிட்டது, ரொட்டி வாசனை வருகிறது. ஓடுகிறேன்.

உங்கள் புருலாய்