கூரையில் ஓட்டை இல்லை

இன்று காலை ரேஷன் கடையில் விரல் ரேகை இயந்திரம் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியது. கட்டைவிரல். ஆள்காட்டி விரல். மறுபடி கட்டைவிரல். கண்ணாடியில் ஈரம் மட்டும் படிந்தது, ரேகை படியவில்லை. கடைக்காரர் ஒரு துணியை நீட்டினார். “நல்லா தொடச்சிட்டு வைங்கம்மா.” துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது. வெளியே பனிமூட்டம். வரிசையில் எல்லோரும் காதை மூடிக் குல்லாய் போட்டு நின்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற அம்மா கேட்டார்: “இந்தக் குளிருல என்ன புள்ள இப்பிடி வேர்க்குது? காய்ச்சலா?”

“இல்லங்க. என் கை எப்பவுமே இப்படித்தான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன் என்று. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னை விட்டுவிட்டு இயந்திரத்தைத் திட்டியிருப்பாய்.

நான்காவது முறை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்து அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை. அது இல்லாவிட்டால் மை பரவிவிடும்.

நான் கொடைக்கானலுக்கு வந்த காரணம் உனக்கு மட்டும்தான் தெரியும். குளிருக்காக வந்தேன். ஊரில், வத்தலக்குண்டில், ஜவுளிக்கடையில் பட்டுச் சேலை விரித்துக் காட்டும் வேலை. மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் சேலையில் என் ஐந்து விரலும் பதிந்தன. அத்துடன் அந்த வேலை முடிந்தது. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். சாக்பீஸ் கையிலேயே கூழாகிவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்கும் முன் பல்கலைக்கழகம், நனைந்து கிழிந்த தேர்வுத்தாள்கள். வெயில்தான் காரணம் என்றாள் அம்மா. நானும் நம்பினேன். மலை ஏறினால் நின்றுவிடும்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளங்கையைத் திறந்து பார்த்தபடி வந்தேன். டம்டம் பாறை தாண்டியும் ஈரம். பெருமாள்மலையில் எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். என் கை சில்லென்று இருந்தது. சில்லென்று, ஈரமாக. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன். திரும்பிப் போக மனமில்லை. திரும்பினால் நான்காவது தோல்வி.

கிடைத்த வேலையோ சாக்லேட் செய்யும் சமையலறையில். என் கைக்கு இதைவிடப் பொருந்தாத வேலை இந்த மலையில் கிடையாது. உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் போதும். பளபளப்பு போய், மணல் மணலாகத் திரண்டுவிடும். அதற்காகவே அந்தச் சமையலறையில் டீக்கெண்டியைக்கூட உள்ளே விடமாட்டார்கள். கடையின் சொந்தக்காரரை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “கை சுத்தமா இருக்கணும்மா.” சுத்தமாக இருந்தது. ஈரமாக இருக்குமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் நாள் நீதான் கை நீட்டினாய். “வெல்கம். அஞ்சு வருசமா இந்த அடுப்படில கெடக்கேன். என்னத்தையாவது ஒடச்சா என் பேரைச் சொல்லு, ஆன்ட்டிக்குப் பழகிருச்சு.” கொடுக்காமல் இருக்க முடியவில்லை. என் கையைப் பிடித்தாய், விட்டாய், உன் உள்ளங்கையைப் பார்த்தாய். பிறகு அதை என் ஸ்வெட்டரில் துடைத்தாய்.

“இது உன்னோடது. நீயே வச்சுக்க.”

அதுவரை என்னுடன் கை குலுக்கிய எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

“இப்பதான் பைப்புல கை கழுவினேங்க்கா” என்றேன்.

“பைப்புல மூணு நாளா தண்ணி வரல. அப்புறம், நாலு வயசு வித்தியாசத்துக்கு அக்காவா? பேரச் சொல்லு, இல்லாட்டி சும்மா நீ வா போன்னு சொல்லு.”

மூன்றாவது வாரம் அது நடந்தது. சின்னப் பாத்திரம். நான் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டிப் பிடி வழியாக வியர்வை இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தின் பளபளப்பு மங்கியது. “திரிஞ்சிருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். ஆன்ட்டி ஓடி வந்தார். நான் கையைப் பையில் விட்டுக்கொண்டேன். நீ தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாய். “மேல இருந்து சொட்டிருக்கும் ஆன்ட்டி. வெள்ளனே ஒரே பனி.”

அடுத்த நாள் ஒருவர் வந்து கூரை மேல் ஏறித் தார் பூசினார். கீழே நின்று நீதான் அவருக்கு ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டினாய். “கொஞ்சம் இடது பக்கம்ணே. ஆங், அங்கதான்.”

இரண்டாவது முறையும் கூரைதான். இரண்டாவது முறையும் தார். அவர் உன்னிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “ஏம்மா, நான் பாத்தவரைக்கும் இது நல்லாத்தான இருக்கு?” நீ சொன்னாய்: “உங்களுக்குக் கண்ணு சரியில்லண்ணே.”

ராத்திரிகளில் அல்ல, பகலிலேயே எனக்குப் பயமாக இருந்தது. கரண்டியைத் தொடும்போதெல்லாம். பயந்தால் இன்னும் வியர்க்கும். வியர்த்தால் இன்னும் பயம். நீ பக்கத்தில் நின்று, ஆன்ட்டி திரும்பும் நேரம் பார்த்து, கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வாய். நாம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது முறை, சீசன் தொடங்க இருபது நாள் இருந்தது. ஆன்ட்டி பாத்திரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “போதும். மொத்தக் கூரையையும் எறக்கிட்டுப் புதுசு போட்டுர வேண்டியதுதான். பத்து நாள் கிச்சனை மூடுவோம்.” போனை எடுத்தார். பத்து நாள் என்றால் எங்கள் ஒன்பது பேருக்கும் பத்து நாள் வேலை கிடையாது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடு என்பதுபோல. நான் தரையைப் பார்த்தேன்.

“ஆன்ட்டி, போனை வைங்க. கூரையில ஓட்டை இல்ல.”

“என்னடீ சொல்ற?”

“இவ கைதான் ஒழுகுது.”

சமையலறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆன்ட்டி வந்து என் கையைப் பையிலிருந்து எடுத்தார். திருப்பினார். உள்ளங்கையில் முத்து முத்தாக அரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதுக்காடீ நான் ரெண்டு வாட்டி கூரைக்குத் தார் பூசுனேன்?” இது உனக்கு. பிறகு எனக்கு: “நாளையில இருந்து பேக்கிங் பக்கம் போ. க்ளவுஸ் போட்டுக்க. அழாத. அதுவும் தண்ணிதான்.”

அவ்வளவுதான். எந்த வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேனோ, அது போகவில்லை. ஆனால் உன்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. சொல்வதென்றால் நான் சொல்லியிருக்க வேண்டும், அது என் கை. பத்தாவது நாள் அதை உன்னிடமே சொன்னேன்.

“நீ எப்ப சொல்லுவ? கூரைய எறக்குனப்புறமா?”

 

நீ ஒரு பொட்டலத்தை நீட்டினாய். பழைய பனியன் துணியில் நீயே தைத்த கையுறைகள். எட்டு ஜோடி. ஒன்றில் ஆறு விரல் இருந்தது.

“ஆறாவது எதுக்கு?”

“ஸ்பேர்.”

உள்ளே துணிக் கையுறை, மேலே மெல்லிய பிளாஸ்டிக் கையுறை. அரைமணிக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜிகினாத்தாளில் ஈரம் இறங்கி சாக்லேட்டில் வெள்ளை பூத்துவிடும். நனைந்ததை அலசிக் காயப்போட வேண்டும். கொடைக்கானலில் எதுவும் காயாது. ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் காயவைக்கலாம் என்று கண்டுபிடித்தது நீ. கம்பி முழுக்கக் கைகள் தொங்கும். சுற்றுலா வந்த ஒருவர் எட்டிப் பார்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். “ஒரே ஆளுதான் சார். எங்க கடையில பதினாறு கை அம்மன் இருக்குது” என்றாய். அவர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை.

திண்டுக்கல்லில் தோல் டாக்டரைப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனதும் நீதான். மலையை விட்டு இறங்குவது உனக்குப் பிடிக்காது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் உன் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது, நெற்றியில் வழிந்தது. என் துப்பட்டாவால் விசிறச் சொன்னாய்.

“ச்சீ. இதோடயா தெனமும் இருக்க?”

“ஆமா.”

நெற்றியைத் துடைத்துக்கொண்டாய். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “கீழ வந்தா எல்லாரும் உன்னை மாதிரிதான் புள்ள இருக்காங்க.”

டாக்டர் பொறுமையானவர். இது பயமோ பலவீனமோ இல்லை, வியர்வைக்கு உத்தரவு போடும் நரம்பு தேவைக்கு மேல் வேலை செய்கிறது என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. படுக்கும் முன் உலர்ந்த கையில் பூச ஒரு மருந்து தந்தார். அதில் நிற்காவிட்டால், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாக மின்சாரம் விடும் சிகிச்சை. (“கரண்ட்டா?” என்று நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய்.) கடைசியாக அறுவைசிகிச்சையும் உண்டு, ஆனால் கையில் நின்று முதுகில் வழியத் தொடங்கலாம் என்றார்.

“வேணாம் டாக்டர். கையிலயே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியிற எடத்துல.” நான் வாயைத் திறப்பதற்குள் முடிவு செய்துவிட்டாய்.

மருந்து எரிந்தது, பாதிதான் கேட்டது. ஒரு வருடம் அதோடு ஓட்டினேன். ஐப்பசியில் உனக்கு வயிற்று வலி வந்தது. பஞ்சாமிர்தம் அதிகம் தின்றதால் என்றாய். தை மாதம் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. மாசியில் அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதங்களில்தான் நான் தண்ணீர்த் தட்டு சிகிச்சைக்குப் போய்வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள், மலை இறங்கி ஏறி. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், நீ நனையக்கூடாது. எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான். உனக்கு ஏற்கெனவே குளிர் தாங்கவில்லை.

பெருமாள்மலையில் உன் வீட்டுக்கு வந்தபோது என் கை உலர்ந்திருந்தது. நினைவு தெரிந்து முதன்முறையாக. பஸ்ஸில் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தபடி வந்தேன், காகிதம் போலச் சத்தம். உன் அம்மா கதவைத் திறந்தார். “வா புள்ள. இப்பதான் நித்திரையானா.” ‘நித்திரை’, அவர் சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தபோது கூடவே வந்த சொல். நீ அதைச் சொல்லி அவரைக் கேலி செய்வாய்.

நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். போர்வைக்கு வெளியே உன் கை. பிடித்தேன்.

“யாரு?”

“நான்தான்.”

விரலால் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாய். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாய். “இல்ல. இது யாரு கையோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றது. பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். ஆறியது. கால் மணி நேரம் இருக்கும். நடு உள்ளங்கையில் ஒரு புள்ளி போல ஊறத் தொடங்கியது. டாக்டர் சொன்ன சிகிச்சையையும் மீறி, பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். நீ விடவில்லை.

“ஆங்,” என்றாய். “இப்பதான் வந்தியா?”

அதற்குப் பிறகு தூங்கிவிட்டாய். நான் கையை எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் நனைந்தது, நனையட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அன்றுதான்.

ஐந்து நாள் கழித்துப் போன் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் தூறல். ஆன்ட்டி கடையை மூடிவிட்டு ஒன்பது பேரையும் கூட்டி வந்திருந்தார். உன்னைச் சேர்க்காமல் எட்டு. வரிசையாகப் போய் ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். பெட்டியின் மேல் அது விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. என் முறை வந்தது. கையுறை போட்டு வரவில்லை. அள்ளினேன். அன்று வியர்த்ததுபோல் என்றும் வியர்த்ததில்லை. விரலை விரித்துக் கையைக் கவிழ்த்தேன். கொஞ்சம் விழுந்தது. மீதி விழவில்லை, சேறாகி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

“கையைத் தட்டும்மா” என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

தட்டவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு நகர்ந்தேன். வாசலில் குழாய் இருந்தது, எல்லோரும் கை கழுவினார்கள். நான் அதைத் தாண்டி சாலைக்கு வந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை.

“வளைவு வருது, கம்பியப் புடிங்கம்மா” என்றார் கண்டக்டர்.

மடக்கிய கையை இன்னொரு கையால் பொத்தியபடி, தோளைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டேன்.