வாசலில் ஒரு செம்புத் தண்ணீர்

பிள்ளையார்பாளையம்,
ஜூன் 1968

மாமாவுக்கு,

பெங்களூர்த் தறி கைக்குப் பழகிவிட்டதா? நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிய அன்று பேசியதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. நம் வடிவு அடிக்கிற கூத்தைக் கேளுங்கள்.

சோற்றுக்கு முன்னால் கை கழுவச் சொன்னால் ஓடுவாளே, அவளேதான். சித்திரையில் ஒருநாள் மாம்பழக் கையோடு தறியில் இருந்த பட்டைத் தொட வந்தாள். "அழுக்குக் கை பட்டா பட்டுக்கு வயித்து வலி வந்துடும்மா" என்று சும்மா சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். "பட்டுக்கே வலிக்கும்னா எனக்கும் வலிக்கும்தானே?" என்று இப்போது சாப்பிடும் முன்பும் தானே கழுவுகிறாள்.

நேற்றுப் புடவை பார்க்க முதலாளி வந்தார். குறுக்கே நின்று, "கை கழுவிக்கினு வா தாத்தா, அப்பாலதான் தொடணும்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ சிரித்துக்கொண்டே கழுவி, கையை நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டாள்!

சாயங்காலமானால் வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு. கை கழுவாம என்னைத் தூக்கக் கூடாது இல்ல?"

காலையில் அந்தத் தண்ணீரை முல்லைக்கு ஊற்றுகிறேன். கொடி கூரைமேல் ஏறிப் பூத்துவிட்டது. அதற்கு ஊற்றியது போதும், மாமா.

உங்கள் வீட்டுக்காரி