சாமி டைல்ஸும் புங்கங்கன்றும்

செவ்வாய், இரவு. மயிலாப்பூர்.

இன்னும் நம்ப முடியவில்லை. தெருமுனைச் சுவரோரம் ஆண்கள் ஒதுங்குகிறார்கள் என்று என் கணவர்தான் முன்னின்று சாமி டைல்ஸ் ஒட்டவைத்தார். பிள்ளையார், மாதா, மெக்கா, எல்லாம் வரிசையாக. சுவர் காய்ந்தது, நாற்றம் போகவில்லை. எதிரே நான் நட்ட புங்கங்கன்று கருக ஆரம்பித்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

இன்று மாலை காய்கறிப் பையோடு திரும்பும்போது பார்த்தேன். இவர் டைல்ஸ் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தெருவைக் கடந்து என் கன்றின் அடியில் போய் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"சுகர் இருக்குல்ல, வீடு வரைக்கும் அடக்க முடியல. செடிக்கு உரம்தானே?"

"எப்பவோ ஒருத்தர் போனா உரம். தெருவே தெனமும் அங்கதான் போவுது போல. உப்பு தங்கி வேரே வெந்துடுச்சுங்க."

கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு சாமியை வைக்கப்போகிறேன் என்றேன்.

"வை. அப்புறம் நான் எங்க போறது?"

அந்தக் குரலில் கேலி இல்லை. டைல்ஸ் ஒட்டிய அன்று இதை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.