மலைக்குள் போனவர்களின் இரண்டாம் பாகம்

பாய்,

உங்கள் மருமகன் ஊருக்குக் கப்பலேறும் முன் என் துணிக்கடையில் விட்டுப்போன மரப்பெட்டியை இன்று காலை திறந்தேன். வசம்பு வாடை முகத்தில் அடித்தது. நாவல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் இடையிடையே வைத்த துண்டுகள் சுருங்கிக் கிடந்தன. பின்னால் நீங்கள் வந்து நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதுளைக் கடைவீதியில் அத்தர் விற்றது உங்கள் பிழைப்பு. நாவல் விற்றது உங்கள் பைத்தியம். பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்து சேரும் சென்னைப் புத்தகக் கட்டைப் பிரித்துவிட்டால், அத்தர் கேட்டு வந்தவன் வாசலில் காய வேண்டியதுதான். சந்திரனுக்குப் பறக்கும் யந்திரம், கடலடியில் ஒரு பட்டணம், செத்தவனை எழுப்பும் மை என்று எல்லாவற்றையும் முதலில் நீங்கள் படிப்பீர்கள். பிறகு ஆள் பார்த்துக் கொடுப்பீர்கள். அரசாங்கக் கச்சேரி கிளார்க்குக்கு யந்திரம், தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு மை. என்னிடம் மட்டும், "இது வேணாம் மொதலாளி, நீங்க பயந்த ஆளு" என்பீர்கள். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு அட்டையை மூடுவீர்கள். யார் கெஞ்சினாலும் முடிவை மட்டும் சொன்னதில்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டத்து முத்தையாக் கங்காணிக்கு நீங்கள் தேடியெடுத்துக் கொடுத்தது, மலைக்குள் ஒரு ராஜ்யம் இருப்பதாகச் சொல்லும் நாவல். மலை வாய் திறக்கிறது, ஒரு கூட்டம் உள்ளே போகிறது, வாய் மூடிக்கொள்கிறது. அதோடு முதல் பாகம் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கங்காணி உரக்கப் படிக்க, எல்லோரும் கூடிக் கேட்டார்களாம். அச்சில் ஏறியது பொய்யாக இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அது எந்த மலை என்றுதான் கேட்டார்களாம். இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த ஐப்பசி மழையில் அவர்கள் லயத்தின் ஒரு பக்கம் மண்சரிவில் போனது. கங்காணியின் மகள் செல்லம்மா அதற்குள் இருந்தாள். தோண்டிப் பார்த்தார்கள். அவள் கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்துக் கங்காணி உங்கள் கடைக்கு வந்தபோது நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"பாய், ரெண்டாம் பாகம் வந்திருச்சுங்களா?"

"இன்னும் வரலீங்க கங்காணி."

"உள்ள போனவுக வெளிய வர்றாகளா? அத மட்டும் சொல்லுங்க."

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. முடிவே சொல்லாத நீங்கள், கண்ணால் பார்க்காத புத்தகத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினீர்கள். உள்ளே இருட்டில்லை, விளக்கு எரிகிறது என்றீர்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் படியேறி வருகிறாள் என்றீர்கள். கங்காணி தரையில் உட்கார்ந்து கேட்டார். அதிலிருந்து சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து கொஞ்சம் கேட்டுவிட்டுப் போவார்.

அவர் போனதும் என்னிடம், "நான்தானே மொதலாளி அதப் படிங்கன்னு கையில குடுத்தேன்" என்றீர்கள். அதன்பிறகு எவருக்கும் எந்தப் புத்தகத்தையும் நீங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "நீங்களே பாத்து எடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சுரத்தில் நீங்கள் கண்ணை மூடியபோது, கங்காணிக்குச் சொல்லிவந்த கதையில் அந்தப் பெண் பாதிப் படியில் நின்றாள்.

போன வாரம் உங்கள் பெயருக்கு இரண்டாம் பாகம் வந்தது; உங்கள் கடை மூடிக் கிடப்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நான் பயந்த ஆள்தான்; ஆனாலும் படித்தேன். ஒருவரும் வெளியே வரவில்லை, பாய். கடைசிப் பக்கத்தில் அந்த மலைமேல் புல் முளைக்கிறது.

நேற்று கங்காணி என் கடைக்கு வந்தார். நான் மறைக்கும் முன்னே, அட்டையிலிருந்த மலைப் படம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கடகடவென்று படிக்கிறவர். பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடும். புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"நீங்க படிச்சிட்டீங்களா மொதலாளி?"

"படிச்சேங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிரிக்காமல் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது கெடக்கட்டும். பாய் விட்ட எடத்துல இருந்து சொல்லுங்க."

எனக்குக் கதை சொல்ல வராது. உங்களுக்கே தெரியும். வாயைத் திறந்தேன், வந்தது உங்கள் குரல். அதே இழுவை, அதே நிறுத்தம். அவளை இன்னும் சில படி ஏற்றினேன். தாகம் என்றாள், பாறையில் கசிந்த தண்ணீரைக் குடிக்க வைத்தேன். கால் வலிக்கிறது என்றாள், உட்கார வைத்தேன். "அடுத்த சந்தைக்கு வர்றேங்க" என்று கங்காணி எழுந்தார்.

இரண்டாம் பாகத்தை இன்று உங்கள் பெட்டியின் அடியில் வசம்போடு வைத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கமாட்டேன். ஆனால் மிச்சப் படிகளை நான்தானே ஏற்றியாக வேண்டும்? அவளை வாசல்வரை கொண்டுவரப் பயமாக இருக்கிறது, பாய். வெளியே வந்தால் அப்பாவைத் தேடி இங்கேதானே வருவாள். இப்போதெல்லாம் கடைவாசலில் யார் நிழல் விழுந்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை. காலில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.