குலசிங்கத்தின் அடையாள அட்டை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
17.05.1998

அன்பு மகள் றீற்றாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் எழும்பி நடமாடக்கூடிய சுகத்தோடு இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகனும் பேத்தியும் அதைவிட நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று அந்தோனியாரிடம் மன்றாடிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இந்தக் கடிதம் தபாலில் வராது. கனகரத்தினம் மாஸ்டருடைய மருமகன் கொழும்புக்குப் போய் அங்கிருந்து ஒஸ்லோவுக்கு ஏறுகிறார், அவருடைய பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். தபாலில் போடக்கூடாத கதை இது. வாசித்து முடித்ததும் கிழித்துப்போடு, மருமகனுக்குச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் வாயைக் கட்ட அவவுக்கு ஏலாது, போன ஞாயிறு சித்தி வீட்டில் தொதல் சாப்பிட்டுவிட்டு என்னிடம் இல்லையென்று சாதித்தா. குசினிக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. நீ போனில் கேட்டாய், அப்பா ஏன் முந்தியைப் போல் கதைக்கிறாரில்லை, ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் குடுக்கிறார் என்று. ஒரு வருசத்துக்கு மேலாக நான் அப்படித்தான் இருக்கிறேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி உனக்குத் தெரியும். சண்டையால் பள்ளிக்கூடம் விட்டவர்களும், ஓ.எல். எழுதி ஒன்றுக்கு இரண்டு தரம் தவறியவர்களும், அகதி முகாமிலேயே எட்டாம் ஒன்பதாம் வகுப்பு வயதைக் கழித்தவர்களும் வருகிற வகுப்பு. பங்கு மண்டபத்தில் நபீஸா ரீச்சர் கணக்கும் விஞ்ஞானமும் எடுக்கிறா, தமிழுக்கும் சமயத்துக்கும் வேறு ஆட்கள் வந்து போவார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள், தலை நரைத்த தையற்காரர் ஒருவரும் இருக்கிறார். எனக்குப் படிப்பிக்கத் தெரியாது. முப்பத்தொரு வருசம் துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்தவனுக்குத் தெரிந்தது விண்ணப்பம் நிரப்புவது ஒன்றுதான். வெளிவாரியாகச் சோதினை எழுதுகிறவர்களுடைய எல்லாப் போமையும் நான்தான் நிரப்புவேன். ஒரு வருசம் ஒரு பெண்ணுடைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் மாறிப் போம் திரும்பி வந்துவிட்டது, அவளுக்கு அந்த வருசம் வீணாகப் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் வாயால் சொல்லுகிற இலக்கத்தை நான் எழுதுவதில்லை. அட்டையைக் கையில் வாங்கி, பார்த்து, எழுதி, இன்னொரு தரம் சரிபார்த்துத்தான் குடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குலசிங்கம் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். இருபத்தொன்பது வயது, அன்புவழிபுரத்தில் வீடு, துறைமுகத்தில் நாட்கூலிக்கு மூட்டை இறக்குகிற வேலை. ஆறு பாடம் பாஸ் பண்ணினால் நிரந்தரமாக எடுப்பதாக அங்கே ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். கணக்கு அவருக்கு வரவே வராது. ஆனால் கெட்டிக்காரன், விடை பிழைத்தால் தானே சிரித்துவிட்டு, ரீச்சர் இது எங்கை சறுக்கினது எண்டு காட்டுங்கோ என்று எழும்பிப் போவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீமெந்துப் பையைக் கிழித்து அதன் உட்பக்கத்தில் கணக்குச் செய்து பார்த்து, அந்தக் கடதாசிகளை மடித்துக் கொண்டுவருவார்.

போன வருசம் மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை. போம் நிரப்புகிற நாள். எல்லாருடையதும் எழுதி, அட்டைகளைத் திருப்பிக் குடுத்து, பேனையை மூடிவிட்டேன். நாலு மணி இருக்கும், குலசிங்கம் கப்பல் வேலையால் நேரே ஓடி வந்தார், சட்டையெல்லாம் கோதுமை மா. அட்டையை நீட்டி, ஐயா என்ரையையும் ஒருக்கா எழுதிப்போட்டு இப்பவே தாங்கோவன் என்று கேட்டார். ஐந்து நிமிச வேலை, மகள். எனக்குக் களைப்பு, தேத்தண்ணி குடிக்க வேண்டும்போல் இருந்தது, அதோடு அவசரத்தில் எழுதினால் பிழை வரும் என்கிற என்னுடைய சட்டம். வச்சிட்டுப் போங்கோ தம்பி, வீட்டை போய் ஆறுதலா எழுதுறன், நாளைக்குப் பூசை முடிய வந்து எடுங்கோ என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததை நான் கண்டேன். பிறகு, சரி ஐயா, இடையில ஒரு சென்றிதானே, அதில நிக்கிறவைக்கு என்னைத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அந்தச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரரை மாற்றியிருக்கிறார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அடுத்த நாள் பூசை முடிந்து, மண்டபத்துக்கு முன்னால் அட்டையோடு நின்றேன். அவர் வரவில்லை. அன்புவழிபுரத்தால் வந்த ஒரு மனிசி, குலசிங்கம் இரவு வீடு வந்து சேரவில்லை, சைக்கிள் மட்டும் சென்றிக்குப் பக்கத்து மதகடியில் கிடக்குது என்று சொன்னா. அப்படியே சென்றிக்கு நடந்து போனேன். காவலுக்கு நின்றவரிடம் அட்டையைக் காட்டி, இந்த ஆளின் ஐ.சி. என்னிடம் இருந்தது, அதனால்தான் அவர் கையில் இல்லாமல் வந்தார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படி ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை என்று திருப்பித் தந்தார். நான் வெளியே வந்தேன். றோட்டுக்கு அங்கால் வேப்பமரத்தின் கீழ் அவருடைய மனைவி பூரணி அயல் பெண்கள் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தாள். இருபத்துநாலு வயதுப் பிள்ளை. நான் உள்ளே போனதைக் கண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகுதான் றோட்டைக் கடந்தேன். இஞ்ச இல்லையாம் பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

மகள், அந்தச் சட்டைப் பைக்குள் வைத்த நேரத்தைத்தான் நான் இன்றைக்கும் தாண்டவில்லை. அட்டையைக் கொண்டுவந்து அலுமாரியில் என்னுடைய பென்சன் கடதாசிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருடைய போமை என்ன செய்வதென்று மூன்று நாள் யோசித்து, கடைசியில் இலக்கத்தைச் சரியாக எழுதி, மற்றவர்களுடையதோடு சேர்த்து அனுப்பினேன். அனுப்பாமல் விட்டால் அவர் வரமாட்டார் என்று நானே எழுதிக் குடுப்பது போல இருந்தது. அதற்குப் பிறகு நாலு மணியாகிறபோது எந்தச் சைக்கிள் மண்டபத்து வாசலில் நின்றாலும் எழும்பிப் பார்ப்பேன். இப்பவே தாங்கோவன் என்கிற அந்தக் குரல் காதுக்குள் கேட்கும். மணி பார்க்கக்கூடாதென்று கைமணிக்கூட்டைக் கழற்றி வைத்தேன். வெயில் சரிகிற விதத்தைப் பார்த்தாலே நாலு மணி என்று தெரிந்துவிடும், அதற்கு என்ன செய்வது.

மூன்று கிழமை கழித்து பூரணி வகுப்புக்கு வந்தாள். கையில் அவருடைய கொப்பி. நபீஸா ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, இருங்கோ பிள்ளை என்று சொன்னா. குலசிங்கம் இருந்த கதிரையில் அதுவரை ஒருவரும் இருக்கவில்லை, நெருக்கடியான மண்டபத்தில் அது ஒன்றுதான் வெறுமையாகக் கிடந்தது. அவள் அதில் போய் இருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை. அவளுக்கும் நான்தான் போம் நிரப்பினேன், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கையில். எழுதும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கொப்பியில் அவர் விட்ட இடத்திலிருந்து அவள் செய்யத் தொடங்கினாள். அவர் பிழையாகச் செய்த கணக்குகளையும் திரும்பச் செய்து, அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய விடையை எழுதுவாளாம். ரீச்சர் அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தா. சனிக்கிழமை வகுப்பு, மற்ற நாட்களில் அவரைத் தேடி ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குவது, இப்படியே அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதம் போயிற்று. மார்கழியில் சோதினை எழுதினாள்.

முடிவு போன மாதம் வந்தது. ஆறு பாடமும் பாஸ், கணக்கும் பாஸ். அடுத்த நாள் காலமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, இருத்தி, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனா. அந்தப் பழத்தைத் தொட எனக்கு ஏலவில்லை. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, அட்டையை எடுத்து அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். வேப்பமரத்தையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அட்டையை எடுத்துப் படத்தை விரலால் துடைத்தாள். பிறகு சொன்னது இதுதான். எனக்குத் தெரியும் ஐயா. காலமை வேலைக்குப் போகேக்க, இண்டைக்கு ஐயாட்ட ஐ.சி. காட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். முதல் நாள் நான் படிக்க வரேல்லை, உங்களைக் கேக்கத்தான் வந்தனான். நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. சோதினை அண்டைக்கு எனக்கு முன் மேசையில இவற்ரை நம்பர் ஒட்டிக் கிடந்தது, பேரைக் கூப்பிட்டுப்போட்டு வரேல்லை எண்டு எழுதினவை. அட்டையைக் கையில வாங்கிப் பாக்காமல் நீங்கள் போம் அனுப்பமாட்டியள் எண்டு வகுப்பில எல்லாருக்கும் தெரியும். அப்ப நிச்சயமாயிட்டுது. அதுக்குப் பிறகுதான் கணக்குப் பேப்பரைத் திறந்தனான்.

ஏன் பிள்ளை என்னைக் கேட்கவில்லை என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் என்றாள். பிறகு அவளுடைய குரல் மாறிற்று. போன கந்தோரெல்லாம் என்ன சொன்னவை தெரியுமே ஐயா, உம்மடை மனுசன் உம்மை விட்டுட்டு எங்கையோ போயிட்டார், கொழும்பில நிப்பார், வெளிநாட்டில நிப்பார் எண்டு சிரிச்சவை. ஐ.சி. இல்லாத மனுசன் எந்த பஸ்ஸில ஏறுவான், எந்தச் சென்றியைத் தாண்டுவான்? இது என்ரை கையில இருந்திருந்தால் நான் மேசையில தூக்கிப் போட்டிருப்பன். பதினாலு மாசம் ஐயா.

அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா, அந்த ஐந்து நிமிசம்தான் என்னுடைய குற்றமென்று. அதற்கு மன்னிப்பு இருந்தாலும் இருக்கும், தெரியாமல் செய்தது. இந்தப் பதினாலு மாதம் தெரிந்து செய்தது. அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டா. இன்றுவரை என்னோடு அளவாகத்தான் கதைக்கிறா.

எழுதித் தாங்கோ, கையெழுத்தும் வச்சு என்று பூரணி கேட்டாள். உடனேயே எழுதக் கதிரையில் இருந்தேன். கிளாக்குத் தமிழ் உனக்குத் தெரியும்தானே, மேற்படி நபரது அடையாள அட்டை அன்றைய தினம் தவறுதலாக என்வசம் இருந்துவிட்டது என்று எழுதினேன். அவள் வாங்கி, வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள். அந்த வரியில் விரலை நிறுத்தி, இது பிழை ஐயா என்றாள். இருந்துவிட்டது இல்லை, நீங்கள் வாங்கி வச்சிருந்தனீங்கள். அவர் திருப்பிக் கேட்டவர். அதையும் எழுதுங்கோ என்றாள். முப்பத்தொரு வருசத்தில் என்னுடைய எழுத்தை வெட்டித் திருத்தச் சொன்ன மேலதிகாரி ஒருவரும் இல்லை. வெட்டினேன். நான் வாங்கி வைத்திருந்தேன், அவர் திருப்பிக் கேட்டார், நான் குடுக்கவில்லை என்று எழுதினேன். சென்றியில் அட்டையைக் காட்டியதையும், அங்கே எனக்குக் கிடைத்த பதிலையும் எழுதினேன். சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை அவளிடமும் ஒன்றைப் பங்குச் சுவாமியாரிடமும் குடுத்திருக்கிறேன். அவள் அதைக் காணாமற்போனவர்களை விசாரிக்கிற கந்தோரில் குடுத்து, ஆனி ஒன்பதாம் திகதி விசாரணைக்கு வரச்சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம் வந்திருக்கிறது. சென்றியைப் பற்றிச் சாட்சி சொல்லுகிற கிழவனை இந்த ஊரில் எப்படிப் பார்ப்பார்களென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பயம் இருக்கிறது. ஆனால் போன சனிக்கிழமைதான் கன காலத்துக்குப் பிறகு பூரணியின் முகத்தை நேரே பார்த்து, வாங்கோ பிள்ளை என்று சொன்னேன். அவள் இப்போது புதிதாக வந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிறாள், நபீஸா ரீச்சருக்கு உதவியாக. என்னை மன்னித்தாளா என்று கேட்காதே. நானும் கேட்கவில்லை.

எங்களை அங்கே கூப்பிட நீயும் மருமகனும் அலைந்து எடுத்து அனுப்பிய ஸ்பொன்சர் பத்திரங்களுக்கு அம்மா மட்டும் கையெழுத்து வைத்திருக்கிறா. அவவைக் கூப்பிடு. நான் வரமாட்டேன், விசாரணை ஒரு நாளில் முடிகிற அலுவலில்லை, முடியும்வரை கூப்பிட்ட நேரத்துக்குப் போகக்கூடிய இடத்தில் நான் இருக்க வேண்டும். இதற்கு நீ அழுது போன் எடுக்கவேண்டாம், பதில் எழுதினாலும் எனக்கு ஆறுதல் எழுதாதே. அப்பா நல்ல மனிசன், யாருக்கும் வருவதுதான் என்று ஒரு வரிகூட வேண்டாம். எழுதுவதென்றால் பூரணிக்கு எழுது, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

கர்த்தருடைய கண் உங்கள் மூன்று பேரிலும் எந்நேரமும் இருக்கட்டும். பேத்தியின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போடு. குலசிங்கம் என்ற பெயரைச் செபத்தில் சேர்த்துக்கொள், காணாமற்போனவர் என்று சொல்லு, இறந்தவர்களோடு சேர்த்துச் சொல்லாதே.

உன் அப்பா,
செ. ஹெக்டர்