தவக்காலத்தில் வழக்கா?

16.01.1978
இறால் கொம்பனி வேலை போயிற்று. ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரிக்கிறோமே, கையுறை தாருங்கள் என்று கேட்டேன். முதலாளி செபநாயகம் வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார். இனிக் கை விறைக்காது. என்ன இரக்கம்!

18.01.1978
தொழிற்சங்கத்துச் சிமியோன் அண்ணையிடம் போனேன். "தொழில் நீதிமன்றத்திலை வழக்குப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும், ஸ்ரெல்லா. ஆறு மாதத்துக்குள்ளை போட வேணும்." ஆறு மாதமா? தாராளம்.

09.02.1978
நேற்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு முதலாளி கோயில் வாசலில் மறித்தார். "தவக்காலத்திலை வழக்குப் போடுறது பாவம் பிள்ளை. பாஸ்குப் பெருநாள் முடியட்டும், ஒரு வழி செய்வம்."
ஆளை வேலையால் நிறுத்துவது எந்தக் காலத்திலும் பாவமில்லை போலும். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

02.05.1978
பாஸ்கு போய் ஒரு மாதம். வழி பிறக்கவில்லை, முதலாளிக்குப் பேரன்தான் பிறந்திருக்கிறான். அவனுக்கு நான் ஞானத்தாயாக வேண்டுமாம்! ஞானஸ்நானத்துக்கு வீடு தேடி வந்து கேட்டால் குருநகரில் யார் மறுப்பார்கள்?

14.05.1978
பிள்ளையை ஏந்தினேன். வீறிட்டு அழுதது. அதற்காவது விஷயம் விளங்கியிருக்கிறது. "இனி நாங்கள் ஒரு குடும்பம்" என்றார் முதலாளி. குடும்பத்துக்குள் வழக்கா?

12.07.1978
கெடு முடியப்போகிறது. வேலையைக் கேட்டுப் போனேன். "எங்கடை யாகப்பர் கோயில் பெருநாள் வருகுதெல்லே, அது முடியட்டும். ஞானத்தாய் கோட்டுப் படி ஏறினால் சனம் என்ன கதைக்கும்?"
எனக்கு வேலை போனபோது இந்தச் சனம் எங்கே போயிருந்தது?

03.08.1978
பெருநாள் முடிந்தது. "இப்ப ஆள் தேவையில்லை" என்றார். இன்று வழக்குப் போட்டேன்.

21.11.1978
"கெடு கடந்த வழக்கு" என்றார் முதலாளியின் சட்டத்தரணி. ஏன் பிந்தியது என்று நீதிபதி கேட்டார். "முதலாளியின்ரை பேரனைத் தூக்கிக்கொண்டு நிண்டனான் ஐயா." எல்லாரும் சிரித்தார்கள். தள்ளுபடி.
ஏன்ரி ஸ்ரெல்லா, நீ தலையாட்டினனீ? ஏன்?

05.03.1979
கூட இறால் உரித்த மக்டலீனையும் நிறுத்திவிட்டார். "பாஸ்கு முடிய வரச் சொன்னவர் அக்கா" என்று அழுதாள். முகத்தைக் கழுவச் சொல்லிவிட்டு நான் சேலையை மாற்றினேன். மத்தியானத்துக்கு முன் அவளுடைய மனு நீதிமன்றத்தில்.

11.03.1979
பூசை முடிந்ததும் முதலாளி மறித்தார். "தவக்காலத்திலை, அதுவும் ஒரு ஞானத்தாய், உந்த வேலை செய்யலாமோ?"
"பாவந்தான் முதலாளி. பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுறன். அதுக்குக் கெடு இல்லை."